பள்ளி ஆண்டு விழாவும் பழைய மாணாக்கரும்

(நெருப்பெரிச்சலில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடனையும் தவணையையும் பற்றியே உங்களிடம் பேசிவரும் நான், இன்று பள்ளி ஆண்டு விழாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பலர் சிறிது சிறிதாய்ச் சேர்த்து ஒன்றை நிலைநிறுத்துவதே கூட்டுறவு. பள்ளிக்கூடமும் அவ்விதமே நிலைபெற வேண்டிய ஸ்தாபனம். அதில் படித்துச் சென்றவர்களே அதன் பங்குதாரர்கள்.

நெருப்பெரிச்சல் 2011ஆம் வருஷத்தில் திருப்பூர் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. இப்பக்கத்துப் பள்ளிகளில் படித்தோரிற் பலர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேஜையிலும் ஓவர்லாக் மிஷினிலும் வேலை செய்கிறார்கள். தென் ஜில்லாக்களிலிருந்தும் ஒடிசா, பீஹார் முதலிய மாநிலங்களிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்களுக்கும் குழந்தைகள் உண்டு. “நானும் இதே பெஞ்சியில் உட்கார்ந்தவன்” என்று சொல்லும் மாமனோ அண்ணனோ அக்குழந்தைகளுக்கு இவ்வூரில் இல்லை. வாரக் கூலி கைக்கு வருவதைக் கண்ட பிள்ளை, பத்தாவது முடியுமுன்பே புத்தகத்தை மூடிவிடும் ஆபத்து தொழில் பெருகிய ஊர்களில் உண்டு. குடும்பத் தொழிலில் ஓய்வு வேளையில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயது நிரம்பாதவரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்று 2016ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் கூறுகிறது. ஆனால் சட்டம் மட்டும் பிள்ளையைப் பள்ளியில் இருத்தாது. அதன் மனமும் அங்கே ஒட்ட வேண்டும். அதற்கு ஆண்டு விழா நல்ல சாதனமாகும்.

ஊரார் பள்ளியைத் தாங்குவது நம் நாட்டிற்குப் புதிதன்று. காமராஜ் முதன் மந்திரியாகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறைத் தலைவராகவும் இருந்த காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு வேண்டிய சாமான்களையும் கட்டடத்தையும் ஜனங்கள் தத்தம் சக்திக்கேற்ப அளித்தார்கள். 2022 டிசம்பரில் ஆரம்பித்த “நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி” திட்டமும் பழைய மாணாக்கரின் உதவியை நாடுவதே.

எனினும் பழைய மாணாக்கர் பணம் கொடுப்பதோடு நின்றுவிடலாகாது. பிள்ளைகளோடு மேடையேற வேண்டும். நம் கொங்கு நாட்டு வள்ளி கும்மியை எண்ணிப் பாருங்கள். அக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்த பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கும்மிக்கு உயர்ந்த மேடையோ வாடகை உடையோ அவசியமில்லை. அடி தவறியவர் பக்கத்திலிருப்பவரின் காலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அவ்வட்டத்தில் பாட்டியும் பேத்தியும் நிற்கலாம். தமிழ் இன்னும் சரளமாக வராத ஒடிசாப் பிள்ளையும் கைகொட்டலாம்.

அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டிய விஷயங்கள் நான்கு:

1. விழாவை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள். சனிக்கிழமை சம்பள நாள். மற்ற நாட்களில் கம்பெனி வேலை இரவிலும் நீளும்.

2. நிகழ்ச்சிகளில் பாதியேனும் பழையவரும் புதியவரும் கலந்து நடத்துபவையாக இருக்கட்டும். பழையவர்கள் ஒரு மாதம் முன்பிருந்தே வந்து பாட்டும் ஆட்டமும் கற்பிக்கட்டும். விழாவைவிட அந்த ஒரு மாதப் பழக்கமே பெரிய பலன்.

3. ஒரு தனவந்தரிடம் பெருந்தொகை பெற்று மாலை சூட்டுவதைக் காட்டிலும், நூறு பேரிடம் சிறுதொகை பெறுவது மேல். ரசீது கொடுங்கள், வரவு செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் படித்துக் காட்டுங்கள். துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின், சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து உதவுவதையும் ஆலோசியுங்கள்.

4. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளையின் வீட்டிற்குப் பழைய மாணாக்கர் இருவர் செல்லட்டும். “நான் எட்டாவதோடு நின்றேன், நீ நிற்காதே, கண்ணு” என்று ஓவர்லாக் ஓட்டும் ஒருவர் சொல்வது, அதிகாரிகள் சொல்வதைவிட ஆழமாய்ப் பதியும்.

பந்தலைப் பிரித்தபின், வந்த கூட்டத்தையும் கேட்ட கைதட்டலையும் கொண்டு விழாவை மதிப்பிடாதீர்கள். நின்றுபோன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பவும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். இந்த வருஷமே இதனை நடத்திக் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.