பிள்ளைகளும் வசூல் அட்டையும்

(செங்கற்பட்டில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டு தர்மத்துக்குப் பணம் வசூலிப்பது நல்லதா, கெட்டதா என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நாம் காலேஜுப் படிப்புப் படித்தவரல்ல. ஆனால் வசூல் அட்டையை மாத்திரம் நன்றாய் அறிவோம். ஏழாவது வகுப்பில் நமது கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். எதற்காக என்று அவர்களும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நமது தெருவார் எல்லோரும் அன்றாடங்காய்ச்சிகள். மூன்று வீட்டில் இல்லையென்றார்கள். நான்காவது வீட்டில் கதவையே திறக்கவில்லை. மறுவாரம் வகுப்பில் ஒவ்வொருவர் பெயரையும், கொண்டுவந்த தொகையையும் உரக்கப் படித்தார்கள். நமது பெயருக்கு நேரே சைபர். பக்கத்துப் பையன் ஐம்பது ரூபாய் கொண்டுவந்தானென்று கைதட்டல்! அவன் ஒரு வீட்டு வாசற்படியும் ஏறவில்லை; அவனுடைய அப்பா மணிபர்சைத் திறந்தார், அவ்வளவுதான். அன்று நாம் கற்றுக்கொண்டது தர்மமா, வெட்கமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதனால் வசூலே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. பிச்சை கேட்பது வேறு, பொதுக் காரியத்துக்குப் பணம் கேட்பது வேறு. பிச்சை போடுகிறவன் புண்ணியமென்று போட்டுவிட்டுப் போய்விடுகிறான். கணக்கு என்கிற பேச்சே அங்கு கிடையாது. இங்கிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், திருக்கழுக்குன்றத்து மலைமேல் இரண்டு கழுகுகளுக்குத் தினம் நடுப்பகலில் சோறு வைத்துவந்தார்கள். 1990-களோடு கழுகுகள் வருவது நின்றுபோயிற்று. உண்டியல் நின்றதா? அது போகட்டும்.

ஹெல்பேஜ் இந்தியா என்கிற முதியோர் சங்கத்தின் கதையைக் கேளுங்கள். 1974-ல் ஜாக்சன் கோல் என்னும் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, சாம்சன் டேனியல் என்பவர் டில்லியில் முதியோருக்கு ஒரு சங்கம் வைக்க அவரிடம் பண உதவி கேட்டார். அவரோ, பணம் தருவதற்குப் பதில் பணம் திரட்டும் முறையைக் கற்றுத் தருகிறேன் என்றார். லண்டனில் மூன்று மாதம் கற்றுக்கொண்டு வந்த டேனியலும் அவர் மனைவியாரும் டில்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நடை நடத்தினார்கள். அது நன்றாய்ப் பலித்தது. மறுவருஷமே பம்பாய், சென்னை, கல்கத்தாவுக்கும் ஆட்களைப் போட்டார்கள். 1978-ல் சங்கம் பதிவாயிற்று. சில மாதங்களில் சீமைப் பணமும் நின்று, சொந்தக் காலில் நின்றது. ஏழைக் கிழவன் கிழவிகளுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்விப்பது அதன் வேலைகளில் ஒன்று.

அந்த நடை எப்படியென்றால், பிள்ளை அக்கம்பக்கத்தாரிடம் போய், “நான் நடக்கும் ஒவ்வொரு மைலுக்கும் எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்று முன்னதாக எழுதி வாங்கிக்கொண்டு, நடந்து முடித்தபின் வசூலிப்பது. இதில் பிள்ளை கையேந்தவில்லை, உழைத்துக் கேட்கிறது. பாதயாத்திரைக்குப் பழகிய நம் ஜனங்களுக்கு நடை புதிதல்ல. நடந்தால் ஒரு கிழவிக்குக் கண் தெரியும் என்பதுதான் புதிது!

ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பங்களாத் தெருப் பிள்ளைக்கு மைலுக்கு நூறு ரூபாய், குப்பத்துப் பிள்ளைக்கு மைலுக்கு ஒரு ரூபாய். கால் வலி இருவருக்கும் ஒன்றே. ஆகையால் பெயர் படித்தே தீரவேண்டுமானால் மைலைப் படியுங்கள், ரூபாயைப் படிக்காதீர்கள்.

கேட்கக் கற்றுக்கொடுக்கிறவர்கள், என்ன வேண்டும் என்று விசாரிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது இந்தக் கரையும் அடிபட்டது. நாகப்பட்டினம் மிக மோசமாய் அடிபட்டது. எங்கெங்கிருந்தோ பழந்துணிகள் லாரி லாரியாய் வந்து இறங்கின. மீனவர்களில் அநேகர் அவற்றைத் தொடவில்லை. சாலையோரத்தில் குவிந்து கிடந்ததைக் கூஞ்ச் என்னும் சங்கத்தார் வந்து வாரி, தரம் பிரித்து, வேறு உபயோகத்துக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. படகும் வலையும் போனவனுக்குப் படகும் வலையும் வேண்டும். அவனுக்கு மானமும் போய்விட்டதென்று நினைத்தவர்கள்தான் கிழிந்த சட்டையை அனுப்பினார்கள்.

காசில்லாத பிள்ளை என்ன செய்யும் என்பீர்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்களே கூடிக் கடலாமைப் பாதுகாப்பு வேலை செய்துவருகிறார்கள். முட்டையிடும் காலத்தில் இரவில் கடற்கரையோரமாய் நடந்து, முட்டைகளை எடுத்துப் பத்திரப்படுத்தி, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இம்மாதிரி வேலைக்கு அட்டை எதற்கு? கரையை அறிந்த குப்பத்துப் பையன் அங்கே பட்டணத்துப் பிள்ளைக்கு வாத்தியாராய் இருப்பான்.

இனி இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வருகிற சங்கத்தார் அட்டையைக் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது. வகுப்புக்கு வந்து பணம் யாருக்கு, எதற்கு என்று சொல்லட்டும். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லட்டும். மாட்டேன் என்கிற பிள்ளையை விட்டுவிடட்டும். பரீட்சைக்கு முன் திரும்பவும் வந்து, இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவாயிற்று என்று அதே பிள்ளைகளிடம் கணக்குக் காட்டட்டும்.

இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களை நாம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். சென்ற வருஷம் வசூலான தொகைக்கு வந்த ரசீதை நாளைக் காலையில் பிள்ளைகள் பார்க்கும்படி பலகையில் ஒட்டுங்கள். ரசீது வரவில்லையானால், வரவில்லை என்று எழுதி ஒட்டுங்கள்.