பின்வரிசையின் மௌனம்



இந்தக் கருத்தரங்கில் குத்துவிளக்கிலும் வரவேற்புரையிலும் முக்கால் மணி நேரம் போய்விட்டது. என் பங்கைச் சுருக்கிக்கொள்கிறேன். 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாணவரோடு எப்படிப் பேசுவது என்று உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. அதில் நான் கோட்டை விட்ட இடங்கள் எனக்கு நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த ஒரு மாணவர். மூன்றாவது செமஸ்டரில் ஒருநாள் ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். “சார், நெக்லிஜிபிள்னா என்ன சார்?” காற்றின் தடை நெக்லிஜிபிள், உராய்வு நெக்லிஜிபிள் என்று அந்தச் சொல்லை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! ‘கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது’ என்று ஒரு முறைகூடத் தமிழில் சொன்னதில்லை. அவரும் அதை விடைத்தாளில் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தார். ஒவ்வொரு வகுப்பிலும் “புரியுதா?” என்று கேட்டேன், “புரியுது சார்” என்று அறுபது பேரும் சொன்னார்கள். கரும்பலகையை அழிக்கலாமா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

பாடம் நடத்துவது பற்றிப் பேசும் நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் தமிழ்த்துறைக்கு ஒதுக்கிவிட்டோம். ஆசிரியராகத் தகாதவருக்கு அங்கே பவணந்தி முனிவர் நான்கு உவமைகள் சொல்கிறார். கழற்சிக்காய் போட்ட குடம் கவிழ்த்தால் முன்பின் இல்லாமல் கொட்டும்; சில பவர்பாயிண்ட் வகுப்புகள் நினைவுக்கு வருகின்றன. மடல் உள்ள பனையை நெருங்க முடியாது, பழம் தானாக விழுந்தால் உண்டு. பஞ்சு அடைத்த குடுக்கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்க வேண்டும். வளைந்த தென்னை, தண்ணீர் ஊற்றியவனை விட்டுப் பக்கத்து வீட்டில் காய் போடும். கல்லூரியில் சோர்ந்து கோச்சிங் சென்டரில் சுறுசுறுப்பாகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான்கிலும் உள்ளே பண்டம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எடுப்பவன் கைக்குத்தான் அது ஒழுங்காக வந்து சேர்வதில்லை.

கேட்பவர் அஞ்சும்படிப் பேசுவதையும் பவணந்தி அதே பட்டியலில் வைத்திருக்கிறார். 25 மதிப்பெண் இன்டர்னலைக் கையில் வைத்திருப்பவர் முன்னால் “எனக்குப் புரியவில்லை” என்று சொல்வது லேசான காரியமா? வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அது இன்னும் கடினம்.  

கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? அமெரிக்கப் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஏறக்குறைய 1 விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை 3 விநாடி ஆக்கியதும் விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் யோசித்து மறுபடி ஆங்கிலமாக்குகிறவருக்கு 3 விநாடிகூடப் போதாது என்பது என் அனுபவம்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990களில் சொற்பொழிவை இடையில் நிறுத்தி, ஒரு கேள்வி போட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கச் சொன்னார். அண்மையில்தான் புரிந்துகொண்ட ஒருவருக்கு, எங்கே இடறும் என்பது பேராசிரியரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஆசானிடம் கால் பங்கு, உடன் பயில்வோரிடம் கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதில் அரைப் பங்கு என்று நன்னூல் போட்ட கணக்கும் இதுதான். முன்னோர் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அந்தக் கால் பங்கை வைத்துக்கொண்டு முழு மணி நேரத்தையும் நானே பேசித் தீர்த்தேன் என்ற கூச்சத்தில் சொல்கிறேன்.

இந்த அரங்கின் கடைசி மூன்று வரிசைகளில் எம்.எஸ்சி. மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்காலி காலியாகத் தெரியக் கூடாதென்று அழைத்து வந்திருப்பார்கள். நானும் துறைத்தலைவராக இருந்தபோது அதைச் செய்தவன்தான். அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் மைக் முதலில் பின்வரிசைக்குப் போகட்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் கேட்கட்டும். உடனே யாரும் கேட்கவில்லை என்றால் மைக்கைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.