யார் எதைக் கொணர்வது?

(திருக்குட நன்னீராட்டு விழாவின் அன்னம்பாலிப்புப் பணி குறித்துக் கூடிய அன்பர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



திருக்குட நன்னீராட்டு விழாவில் யாகசாலைக்கு அடுத்தபடியாக யாவரும் நாடுவது அன்னசாலையே. அதற்கு யார் எதைக் கொணர்வது என்பதே ஈண்டு நாம் ஆராய்தற்குரிய பொருள். இஃது எளிதெனத் தோன்றும்; ஆயினும் பல ஊர்களில் மனவேறுபாடு முளைப்பது இவ்விடத்திலேதான். சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் தம் உபயமாக அமைய வேண்டுமென்பார் பலர். இலைக்கும், உப்புக்கும், தண்ணீருக்கும், எச்சில் எடுக்கும் தொண்டுக்கும் முன்வருவார் சிலரே. கொடுப்பவர் பெயர் விளங்கும் பொருள் மிகுதிப்படுகின்றது. உண்பவர் பசி தணிக்கும் பொருள் குறைபடுகின்றது.

இதற்கு வழி நம் பக்கத்திலேயே உளது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் தோன்றிய இராமலிங்க அடிகள், 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதன்பொருட்டுப் பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலம் உதவினர். அன்று மூட்டிய 21 அடி நீள அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. தைப்பூசத்துக்குச் சுற்றூரார் அரிசியும் காய்கறியும் கொணர்ந்து சேர்க்கின்றனர். எல்லாம் ஒரே உலையிற் சேர்ந்தபின், இச்சோறு இன்னார் அரிசி என்று பிரித்தறிவார் யாவர்? சமயக் கொள்கையில் அடிகளோடு மாறுபட்ட சைவப் பெரியோர் உண்டு. மடத்தில் பயின்ற யானும் அவ்வாதங்களை ஓதியவனே. ஆயினும் பசித்தவன் இலைமுன் அவற்றுக்கு இடமில்லை.

தில்லையில் விறகு விற்று வாழ்ந்த சேந்தனார் வரலாறும் நினைக்கத்தக்கது. மழையால் விறகு நனைந்து விலைபோகாத நாளில், அவர் வீட்டிலிருந்த மாவைக் களியாக்கி, அடியவராய் வந்த பெருமானுக்கு இட்டார் என்பர். திருவாதிரைக்களி அவ்வன்பின் நினைவே. இல்லாததைத் தேடி அவர் இடர்ப்படவில்லை, இருந்ததை இட்டார்.

ஆதலின் மூன்று முறைமைகளைக் கொள்ளுவோம். முதலாவது, தேவையை முன்னரே எழுதுக. ஒருவர்க்கு 100 முதல் 150 கிராம் அரிசியெனின், 1,000 பேர்க்கு 100 முதல் 150 கிலோ வேண்டும். பருப்பு, புளி, எண்ணெய், இலை, எரிபொருள், ஆள்துணை யாவற்றையும் இவ்வாறே கணக்கிட்டு, கோயில் வாயிலிற் பலகையில் வைக்க. நிறைந்ததை அழித்து, குறைந்ததையே கேட்க. இரண்டாவது, வீடுதோறும் பிடியரிசி பெறுக. வறியவள் தரும் ஒரு பிடியும் அதே களஞ்சியத்திற் சேர்க. மூன்றாவது, எத்தெருவையும் விடற்க. ஒரு தெருவாரிடம் கேளாதொழிவது, 'நீவிர் எம்மவரல்லீர்' என்று சொல்லாமற் சொல்வதாகும். உண்ண மட்டும் அழைத்து, கொடுக்கும் உரிமையை மறுப்பதும் அவமதிப்பே. ஈயும் இன்பம் செல்வர்க்கே உரியதன்று.

கலசத்து நீர் பல இடங்களினின்றும் வந்து ஒரு முடிமேற் சொரிகின்றது. நம் அரிசியும் அவ்வாறே ஓருலையிற் பொங்குக.

திருச்சிற்றம்பலம்.