கன்னிமாராவுக்குப் போன புத்தகம் ஆனைமலைக்குத் திரும்பட்டும்



இந்தியாவில் எந்தப் பதிப்பாளர் புத்தகம் போட்டாலும் கொல்கத்தா, மும்பை, டெல்லி, சென்னை என நான்கு நூலகங்களுக்குத் தம் செலவில் தலா ஒரு பிரதி அனுப்பியாக வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அது. சென்னையில் அதை வாங்கி வைப்பது கன்னிமாரா நூலகம். பொள்ளாச்சியில் அச்சானாலும் அங்கே போகிறது. போனது திரும்ப வழி உண்டா? ஆழியாற்றங்கரைப் பிள்ளை அதைப் படிக்க ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டுமாம்! கைக்குக் கை போன் இருக்கிற காலத்தில் இது அநியாயம்.

நூலகம் யார் காசில் நடக்கிறது? விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. கொண்டுவந்த கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார், நம் திருப்பூர்க்காரர். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அந்தக் காசுதான். நாம் பிச்சை கேட்கவில்லை.

‘புத்தகத்தை இணையத்தில் திறந்துவிட்டு எழுத்தாளன் வயிற்றில் அடிக்கலாமா?’ என்கிறார்கள். அடிக்கவே கூடாது. நார்வேயைப் பாருங்கள். நம் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைச் சேர்த்தால் வருகிற ஜனத்தொகைகூட இல்லாத நாடு. அதன் தேசிய நூலகம் உரிமையாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, பணமும் கொடுத்து, போன நூற்றாண்டுப் புத்தகங்களைத் தன் மக்களுக்கு இணையத்தில் திறந்துவிட்டது. இங்கேயும் பாதுகாப்புக்காக மின்படி எடுக்க 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. படிக்கக் கொடுக்கத்தான் ஒப்பந்தம் வேண்டும். போடுங்கள்!

நம் ஓலவலசுப் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வந்தது, 1948-இல் தடை, தடை நீங்கியது 1971-இல். 2006-இல் அவர் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. இன்று யாரும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். அரசு மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அச்சேறாதது இன்னும் எவ்வளவோ! 1965-இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, நம் நாட்டார் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டுக்காரர் பாடப் பாட ஒலிநாடாவில் பிடித்தவர் பிரெண்டா பெக் என்கிற வெளிநாட்டு அம்மையார். அவருக்குக் கோடி நன்றி. நம் நூலகங்கள் அன்று எங்கே போயிருந்தன? இதோ, டாப்சிலிப் காட்டில் பழங்குடிகளான காடரும் மலசரும் பாடுகிற பாட்டுக்கு ஏடு கிடையாது. பாடுகிற கிழவி கண்ணை மூடினால் அதுவும் போச்சு.

கோவை அனுப்பர்பாளையத்தில் பெரியார் பெயரால் 300 கோடி ரூபாயில் நூலகம் கட்ட 2024 நவம்பரில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். வரவேற்கிறோம். அதில் கொங்கு நூல்களை மின்படியாக்க ஒரு பிரிவு வேண்டும். மலைப்பாட்டைப் பதிவுசெய்ய ஆளும் கருவியும் வேண்டும். பாடுகிறவர் சம்மதம் கேட்டு, கூலி கொடுத்துப் பதிய வேண்டும். கன்னிமாராப் புத்தகம் ஆனைமலைக் கிளை நூலகத்துத் திரையில் திறக்க வேண்டும்.

வருகிற ஆகஸ்ட் 15 கிராமசபையில் உங்கள் ஊரில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். நகலைப் பொது நூலக இயக்ககத்துக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்!