கடிகாரம் சொல்லும், கேட்பவர் யார்?



என் தாயாருக்கு வயது 78. வீவக வீட்டில் தனியாக வசிக்கிறார். சென்ற தீபாவளிக்குப் பிள்ளைகள் நாங்கள் சேர்ந்து அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். அது இதயத் துடிப்பைக் கணக்கிடும். அவர் கீழே விழுந்தால் எங்கள் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும்.

இத்தகைய கருவிகளால் பயன் உண்டா? நிச்சயமாக உண்டு. மூத்தோர் பலருக்கு இதயம் சீரில்லாமல் துடிக்கும் நோய் வருகிறது. பல நேரங்களில் அது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஆனால், இதயத்தில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வந்துவிடும். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்தினால் அந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கலாம். ஆகவே, கடிகாரம் எச்சரித்தால் மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதேவேளையில், கடிகாரத்தின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். மாரடைப்பை அதனால் கண்டறிய இயலாது. நெஞ்சு வலிக்கும்போது, “கடிகாரம் ஒன்றும் சொல்லவில்லையே” என்று காத்திருக்காதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள். இரத்தத்தில் உள்ள உயிர்வாயுவை அளக்கும் கருவிகளிலும் கவனம் தேவை. மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவி, கறுப்பின நோயாளிகளுக்கு உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டிய நிகழ்வுகள் அதிகம் என்று 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. கறுத்த நிறமுடைய நாமும் இதை மனத்தில் கொள்வது நல்லது. மூச்சுத் திணறல் இருந்தால் எண்ணை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் அதிகாலை 3 மணிக்குக் கழிவறைக்குச் சென்ற அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். கடிகாரமோ வரவேற்பறையில் மின்னூட்டத்தில் இருந்தது! எங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. விடிந்த பிறகுதான் அண்டை வீட்டு மலாய்க்கார அம்மா அவருடைய குரலைக் கேட்டு உதவிக்கு வந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை.

இப்போது மாலையில் நாடகம் பார்க்கும் நேரத்தில்தான் அம்மா கடிகாரத்துக்கு மின்னூட்டுகிறார். இரவில் அது கையில்தான் இருக்கும். கழிவறையில் கைப்பிடியும் பொருத்தியிருக்கிறோம். நானும் தினமும் காலையில் தொலைபேசியில் பேசுகிறேன்.

நேயர்களே, கடிகாரம் நாடித்துடிப்பை எண்ணும். “அம்மா, சாப்பிட்டீர்களா? இரவு தூக்கம் வந்ததா?” என்று அது கேட்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.