காட்சிச் சாலையில் ஓர் அறுவடை



தை பிறப்பதற்கு முதல் நாள் மேற்கு மாம்பலத்துக் கடைத்தெருவில் கரும்புக் கட்டுகளும் மஞ்சட் கொத்துகளும் மலைபோல் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏரும் இல்லை, களமும் இல்லை; ஆயினும் அறுவடைத் திருநாளை நாம் விடாமல் கொண்டாடுகிறோம். மாம்பலத்துக்கு நீர்நிலை புதிதன்று. இவ்வூரை ஒட்டிப் பரந்து கிடந்த நெடிய ஏரி 1920-களில் வற்றவைக்கப்பட்டு, அந்நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அங்கே நின்று எவ்வளவு உற்று நோக்கினாலும் ஏரி கண்ணுக்குத் தெரியாது. பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நம் அறுவடைத் திருநாளும் இவ்வாறே பெயரளவில் நின்றுவிடலாகாது அன்றோ? அதனைத் தடுக்க உலகில் பல நாட்டினர் மேற்கொண்ட ஒரு முயற்சியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1891-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்த்தூர் ஹசேலியஸ் என்பவர் ‘ஸ்கான்சன்’ என்னும் திறந்தவெளிக் காட்சிச் சாலையை நிறுவினார். தொழிற்சாலைகளின் வரவால் கிராம வாழ்வு மறைவதைக் கண்ட அவர், பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் நிறுத்தினார். இக்கருத்து பின்னர் வேறு நாடுகளிலும் வேரூன்றியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1970-இல் தோன்றிய வாழும் வரலாற்றுப் பண்ணை இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1700-ஆம் ஆண்டின் தொல்குடியினர் பண்ணை, 1850-ஆம் ஆண்டின் குடியேறிகள் பண்ணை, 1900-ஆம் ஆண்டின் குதிரைப் பண்ணை என அங்கே மூன்று காலங்கள் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்தந்தக் காலத்துக் கருவிகளைக் கொண்டே பயிர் செய்கிறார்கள். இலையுதிர் காலம் வந்ததும் மக்காச்சோளம் அறுவடையாகிறது. காண வந்தவர்களும் கை கொடுக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய ஓர் இடம் உண்டு. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் அமைந்துள்ள தட்சிணசித்ரா 1996-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. டெபோரா தியாகராஜன் அம்மையாரின் முயற்சியால் உருவான இவ்வளாகத்தின் அமைப்பில் லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞருக்குப் பங்குண்டு. செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, குயவர் வீடு, உழவர் வீடு எனத் தென்னகத்தின் பலவகை இல்லங்கள் அங்கே நிற்கின்றன. தைத் திங்களில் அங்கே பொங்கல் விழாவும் நடைபெறுகிறது.

மேலை நாட்டார் இலையுதிர் காலத்தில் கொண்டாடுவதை நாம் தையில் கொண்டாடுவானேன் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். குளிர் நாடுகளில் பனி விழுமுன் விளைச்சலைக் களஞ்சியத்தில் சேர்த்தாக வேண்டும். ஆகவே அங்கு இலையுதிர் காலமே அறுவடைக் காலம். காவிரிப் படுகையிலும் அப்பருவத்தில் ஓர் அறுவடை உண்டு. ஆனியில் தொடங்கும் குறுவைப் பயிர் புரட்டாசி, ஐப்பசியில் கதிர் முற்றுகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை வானில் திரளும் நேரம் அது. ஈரக் கதிரைக் காப்பாற்றுவதே உழவனுக்குப் பெரும்பாடு. சம்பாப் பயிரோ மழையை உண்டு வளர்ந்து, வானம் வெளுத்த தையில் களத்துக்கு வருகிறது. மனம் நிறைந்து பொங்கலிட ஏற்ற வேளை அதுவே.

இனி, காட்சிச் சாலையினால் எவற்றைக் காக்க முடியும், எவற்றைக் காக்க முடியாது என்று பார்ப்போம்.

வீட்டைக் காக்கலாம். தூணையும் ஓட்டையும் எண்ணிட்டுப் பிரித்து மற்றோர் இடத்தில் பூட்டிவிடலாம். கருவியையும் காக்கலாம், மரக்காலையும் முறத்தையும் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம். ஆனால் கைப்பழக்கத்தைப் பேழையில் வைக்க இயலாது. கருக்கரிவாளால் ஒரே இழுப்பில் அரியை அறுத்து வைப்பதும், காற்று வரும் திசை பார்த்து நெல்லைத் தூற்றிப் பதரைப் பிரிப்பதும் செய்தாலன்றி வாரா. களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணுவதில்லை. ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார். மரக்காலைக் காட்சிக்கு வைத்துவிட்டு அக்குரலை விட்டுவிட்டால், பாதியைத்தான் காத்தவர்களாவோம்.

விதையின் நிலை இதனினும் நுட்பமானது. நெல்லை அழகிய சாடியில் அடைத்துச் சீட்டு ஒட்டி வைத்தால், சில ஆண்டுகளில் அது முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். வயலில் போட்டால்தான் விதை பிழைக்கும். இதனை நன்குணர்ந்தவர் ‘நெல்’ ஜெயராமன். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் 2006 முதல் அவர் நெல் திருவிழா நடத்தினார். அங்கே வரும் உழவர் இரண்டு கிலோ பாரம்பரிய விதை பெற்றுச் செல்வார். மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருவார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் என 170-க்கும் மேற்பட்ட நெல் வகைகளை மீட்ட அவர் 2018-இல் மறைந்தார். அவர் கண்ட காட்சிச் சாலைக்குச் சுவரும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. உழவரின் வயல்களே அதன் கூடங்கள்.

இதனால் புதிய நெல் வகைகளைப் பழிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். 1960-களில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அப்போது தஞ்சையில் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் விரைவாகப் பரவிற்று. வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வாயிலாகப் புகழ் பெற்றமையால் மக்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். பசித்த வயிற்றுக்குப் புதிய நெல் சோறிட்டது. அதே வேளையில் பழைய வகைகள் பல வயலை விட்டு அகன்றன. இவ்விரண்டும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

இன்னும் ஒன்று உண்டு. அதுவே மிக முக்கியமானது. காட்சிச் சாலையில் வீடு நிற்கிறது. வீடற்றவர் எங்கே நிற்பார்? நாற்று நட்டவரும் கதிர் அறுத்தவரும் பெரும்பாலும் நிலமற்ற கூலிகளே. அவர்களுடைய குடிசையைப் பெயர்த்துக் கொணர அதில் தூணும் இல்லை, ஓடும் இல்லை. பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டதை ஒட்டி எழுந்த பூசலில், 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு 44 பேர் ஒரு குடிசையில் எரிந்து மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தைப் பொங்கலுக்கு மூன்று வாரமே இருந்த நேரம் அது. களத்தில் எத்தனை மரக்கால் கூலியாக அளக்கப்பட்டது என்ற கேள்வியை விட்டுவிட்டு, பானையையும் கோலத்தையும் மட்டும் காட்டும் அறுவடை விழா நிறைவுடையதாகாது.

ஆதலால் மாணவர்களே, விடுமுறை நாளில் நீங்கள் முட்டுக்காட்டுக்குச் சென்றால் வீட்டின் அழகைக் கண்டு மகிழுங்கள். குயவர் சக்கரத்தருகே சற்றே நின்று அவர் விரல்களைக் கவனியுங்கள். அத்துடன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவ்வேலையை இன்று செய்யத் தெரிந்தவர் யார்? இவ்விதை இன்று எந்த வயலில் இருக்கிறது? இவ்வுழைப்புக்குக் கூலி என்ன கிடைத்தது? அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்கள் மேற்கு மாம்பலத்து அரிசிக் கடையிலேயே தொடங்கலாம். பொங்கலுக்கு வாங்கும் பச்சரிசி எந்த நெல்லினுடையது, எந்த ஊரில் விளைந்தது என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் உங்களுக்கு ஒரு பாடம். தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுவதற்கு ஒரு வாய்ப்பு.

நகரத்தில் வாழ்வது குற்றமன்று. சோற்றின் பிறப்பை அறியாமல் வாழ்வதே குறை. அக்குறையை நீக்கிக்கொள்ளும் வயது உங்களுடையது.