வேலிக்குள்ள இருக்குற குடுவைச் செடி யாருக்குச் சொந்தம்?

ஸ்கூல் உயிரியல் புத்தகத்துல பூச்சி தின்னும் செடின்னு ஒரு படம் பார்த்திருப்பீங்க. குடுவை மாதிரி ஒரு இலை, அதுக்கு மேல சின்னதா ஒரு மூடி. அந்தச் செடியோட பேரு நெப்பந்தஸ். இன்னைக்கு நாம பேசப்போறது அமெரிக்காவுல அதே வேலையைச் செய்யுற வேற ஒரு செடியைப் பத்தி. பேரு சாரசீனியா. தென்கிழக்கு அமெரிக்காவுல, குறிப்பா அலபாமா, ஜார்ஜியா, புளோரிடா, கரோலினா பக்கம்தான் இதோட பெரும்பாலான இனங்கள் வளருது. இது நிலத்துல இருந்து நேரா மேல எழுந்து நிக்கும். குடுவை வாயில தேன் மாதிரி ஒண்ணு சுரக்கும். அதைக் குடிக்க வர்ற ஈ, எறும்பு எல்லாம் உள்ள வழுக்கி விழுந்திடும். உள்பக்கத்துல முடிகள் கீழ்நோக்கி இருக்குறதால மேல ஏறி வர முடியாது.

ஏன் பூச்சி தின்னுது? அது வளர்ற மண்ணுல சத்து கிடையாது. ஈரமான, புளிப்பான, மணல் கலந்த சதுப்பு நிலம். நைட்ரஜன் ரொம்பக் குறைவு. மத்த செடிகள் அங்க திணறும். இது பூச்சியில இருந்து நைட்ரஜனை எடுத்துக்கிட்டுப் பிழைச்சுக்கும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்: இந்தச் செடிக்கு ஏழை மண்ணுதான் பலம். உரம் கலந்த தண்ணி பக்கத்து வயல்ல இருந்து வந்தா போதும், புல்லும் புதரும் செழிச்சு வளர்ந்து இதை மூடிடும்.

இந்தச் சதுப்புகள் நிறைய இடத்துல லாங்லீஃப் பைன் காட்டோட சேர்ந்து இருந்துச்சு. வர்ஜீனியாவுல இருந்து டெக்ஸஸ் வரைக்கும் ஒரு காலத்துல சுமார் 9 கோடி ஏக்கர். மரம் வெட்டினாங்க, வடிகால் வெட்டித் தண்ணியை வெளியேத்தினாங்க, மேய்ச்சல் நிலமாக்கினாங்க, சீக்கிரம் வளர்ற வேற பைன் மரங்களை வரிசையா நட்டாங்க. 20-ம் நூற்றாண்டு முடியும்போது மிஞ்சினது சுமார் 30 லட்சம் ஏக்கர். அந்தப் பகுதியில காட்டு நிலத்தோட பெரும்பங்கு தனியார் கையில இருக்கு. அதனால குடுவைச் செடியோட கதை, அரசாங்கக் காட்டோட கதையா இல்லாம, யாரோ ஒருத்தரோட குடும்பச் சொத்தோட கதையாத்தான் பெரும்பாலும் இருக்கு.

இப்போ சட்டத்துக்கு வருவோம். அழியும் நிலையில இருக்குற உயிரினங்களுக்கான அமெரிக்கச் சட்டம் 1973-ல வந்துச்சு. அந்தப் பட்டியல்ல இருக்குற ஒரு பறவை உங்க நிலத்துல கூடு கட்டினா, அதைக் கொல்லவோ விரட்டவோ கூடாது. நிலம் உங்களுடையதா இருந்தாலும் கூடாது. செடிக்கு விதி வேற. மத்திய அரசு நிலத்துல இருந்து பிடுங்கினா குற்றம். அடுத்தவர் நிலத்துல அத்துமீறி நுழைஞ்சு பிடுங்கினாலும் குற்றம். ஆனா உரிமையாளரே தன் நிலத்துல உழுது போட்டா, மாநிலச் சட்டம் எதுவும் தடுக்கலைன்னா, இந்தச் சட்டம் அவரைக் கேள்வி கேக்காது.

இதோட அர்த்தம் என்னன்னு ஒரு உதாரணத்துல பாருங்க. அலபாமா கேன்பிரேக் குடுவைச் செடின்னு ஒண்ணு இருக்கு. உலகத்துலயே மத்திய அலபாமாவுல அடாகா, சில்டன், எல்மோர்னு மூணே கவுன்ட்டியிலதான் அது இயற்கையா வளருது. 1989-ல பட்டியல்ல சேர்த்தாங்க. ஆனா அது இருக்குற இடங்கள்ல பெரும்பாலானது தனியார் நிலம். அப்போ, ஒரு இனம் இருக்கணுமா வேண்டாமாங்கிறதை சில நிலச் சொந்தக்காரங்கதான் முடிவு பண்றாங்க.

இது பெரிய ஓட்டைன்னு தோணுதில்ல? ஓட்டைதான். ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. சிவப்புக் கொண்டை மரங்கொத்தி விஷயத்துல என்ன ஆச்சுன்னா, பறவை வந்துட்டா நிலத்தைத் தொட முடியாமப் போயிடும்னு பயந்து, அது வர்றதுக்கு முன்னாடியே சிலர் மரத்தை வெட்டிட்டாங்க. அந்தப் பயத்தைப் போக்கத்தான் 1995-ல வட கரோலினாவுல ‘சேஃப் ஹார்பர்’ ஒப்பந்தம்னு தனியா ஒண்ணு கொண்டு வரவேண்டியிருந்துச்சு. செடி விஷயத்துல அந்த அளவுக்குப் பயம் தேவையில்ல. “உங்க நிலத்துல இது இருக்குங்க”ன்னு ஒருத்தர்கிட்ட போய்ச் சொன்னா, அவர் கதவைச் சாத்த வேண்டிய அவசியம் இல்ல. உட்கார்ந்து பேசலாம்.

சரி, பேசி என்ன கேப்பாங்க? முதல்ல கேக்குறது நெருப்பு. ஆமா, நெருப்பேதான். அந்தக் காடு 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை எரிஞ்சு பழகின காடு. மின்னல் எரிச்சுது, பூர்வகுடி மக்களும் எரிச்சாங்க. தரையோட போற சின்னத் தீ புதரை எரிச்சு வெளிச்சத்தைக் கொண்டு வரும். குடுவைச் செடியோட தண்டு கிழங்கு மாதிரி மண்ணுக்கடியில இருக்கு. மேல கருகினாலும் திரும்ப முளைச்சு வரும். 20-ம் நூற்றாண்டுல தீ எல்லாமே கெட்டதுன்னு அணைச்சுக்கிட்டே வந்தாங்க. புதர் மண்டுச்சு, நிழல் விழுந்துச்சு, மரங்கள் தண்ணியை உறிஞ்சுச்சு. யாரும் பிடுங்காமலேயே செடி போயிடுச்சு. அதனால “நான் எதையும் தொடாம அப்படியே விட்டிருக்கேன்”னு உரிமையாளர் பெருமையாச் சொன்னா, அந்தச் செடிக்கு அது நல்ல செய்தி இல்ல.

தீ வைக்கச் சொல்றது சுலபம். புகை ரோட்டுல போய் ஒரு விபத்து ஆனா யார் பொறுப்பு? பக்கத்து நிலத்துக்குத் தாவினா? புளோரிடா 1990-ல இதுக்குன்னே ஒரு சட்டம் போட்டு, பயிற்சி எடுத்தவங்க, அனுமதி வாங்கி, முறைப்படி எரிச்சா அவங்களுக்கு ஒரு பாதுகாப்பு கொடுத்துச்சு. சில ஊர்கள்ல அக்கம்பக்கத்து நிலக்காரங்களே சங்கமாச் சேர்ந்து, ஆளுக்கு ஆள் உதவியா எரிக்கிறாங்க. காத்து, ஈரப்பதம் பார்த்து, சுத்தி மண்ணைக் கிளறித் தீத்தடுப்புப் பாதை போட்டுட்டுத்தான் தொடங்குவாங்க.

ஜார்ஜியா, புளோரிடா எல்லையில ரெட் ஹில்ஸ்னு ஒரு பகுதி. அங்க பெரிய நிலக்காரங்க காடை வேட்டைக்காகவே விடாம எரிச்சுக்கிட்டு வந்தாங்க. காடைக்கு எரிஞ்ச காடு வேணும்னு ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் 1931-லயே புத்தகம் எழுதினார். வேட்டைக்காக வெச்ச தீயில அந்தக் காட்டோட செடிகளும் சேர்ந்து பிழைச்சுது. இதுல இருந்து ஒரு பாடம்: நிலக்காரருக்குச் செடி மேல ஆசை இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அவருக்குப் பிடிச்ச ஒண்ணும் செடிக்குத் தேவையான ஒண்ணும் ஒரே வேலையில நடந்தாப் போதும்.

ரெண்டாவது, வடிகாலை அடைக்கிறது. மூணாவது, பொறுமை. உடனே செடி நட்டுடக் கூடாது. நிழல்ல நோஞ்சானாக் கிடக்குற பழைய செடி ஏதாவது இருந்தா, வெளிச்சம் வந்ததும் அது தெளிஞ்சு எழுந்துக்கும். ஒண்ணுமே இல்லைன்னாத்தான் அதே வட்டாரத்து விதையில இருந்து வளர்த்து நடணும். கடையில வாங்கி நடவே கூடாது. சாரசீனியா இனங்கள் சுலபமா ஒண்ணோடொண்ணு கலந்துடும். கடைச் செடி கலப்பா இருந்தா, காட்டுச் செடியோட மரபும் கலங்கிடும். விதை முளைச்சுப் பூக்கவே நாலஞ்சு வருஷம் ஆகும்.

எல்லாம் நல்லா நடந்துச்சுன்னு வைங்க. நிலக்காரர் இறந்துட்டார். பிள்ளைங்க விக்கப் போறாங்க. இந்த வேலை முழுக்க உடையுற இடம் இதுதான். கூட்டாட்சி அரசோட வனவிலங்குத் துறை செலவுல பங்கு கொடுக்கும், ஆனா அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு கெடு உண்டு. நிரந்தரமான வழி, பத்திரத்துலயே எழுதி வைக்கிறது. நிலம் அவங்களுடையதுதான், விக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம், ஆனா பிளாட் போட முடியாது. நம்ம ஊர்ல நிலம் வாங்குறதுக்கு முன்னாடி வில்லங்கம் பார்ப்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. யார் வாங்கினாலும் கூடவே வரும். பதிலுக்கு வரிச்சலுகை கிடைக்கலாம். ஆனா பத்திரம் கட்டடத்தைத் தடுக்கும், தானாத் தீ வைக்காது. அதுக்கு ஒரு ஆள் வேணும்.

கடைசியா ஒண்ணு. வீனஸ் ஈப்பொறி தெரியும்ல, அதைக் காட்டுல இருந்து திருடுறது வட கரோலினாவுல 2014-ல இருந்து பெருங்குற்றம். இத்தனைக்கும் கடையில அது மலிவாக் கிடைக்குது, ஆய்வகத்துல வளர்த்து விக்கிறாங்க. அதனால எந்த ஊர்லயா இருந்தாலும், அரிதான ஒரு செடியைப் பார்த்தா போட்டோ போடுங்க, லொகேஷன் போடாதீங்க. செடியைத் தொட்டியில காப்பாத்துறது ஓரளவு சுலபம். அது வளர்ற நிலத்தைக் காப்பாத்தத்தான், அடுத்த தலைமுறையும் தீப்பெட்டியைக் கையில எடுக்கச் சம்மதிக்கணும்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.